மரத்துக்கு மருந்து, மடிக்கு மட்டும் கண்ணேறா?

சென்ற மாதம் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக நேர்ந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்துப் பல வருஷம் ஆகிவிட்ட தோட்டம். லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. மீதியில் நம்மவர்கள் கொஞ்சம், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கொஞ்சம். ஆனாலும் எல்லைக் கால்வாய் ஓரத்தில் நாலைந்து மாட்டுக் கொட்டாய்கள் இன்னும் நிற்கின்றன. விடியற்காலையில் அந்தப் பக்கம் நடந்தால் சாணி வாசமும் புண்ணாக்கு வாசமும் சேர்ந்து பழைய நாள்களை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடுகின்றன.

அதில் ஒரு கொட்டாய், அறுபதைத் தாண்டிய ஓர் அக்காவுடையது. நாலு கறவை, இரண்டு கன்று. மகன் பட்டணத்தில் லாரி ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை வந்து போவான். வீட்டுச் செலவில் பாதி மாட்டுப் பாலில்தான் நடக்கிறது.

"என்னக்கா, முகமே சரியில்லையே?" என்றேன்.

"காரிக்கு மடி கல்லாட்டம் ஆயிருச்சு தம்பி. மூணு நாளாச்சு. கிட்டப் போனாலே உதைக்குது. ராத்திரி சாரைப் பாம்பு வந்து குடிச்சிட்டுப் போயிருக்கு. இல்லேன்னா எவ கண்ணோ பட்டிருக்கு. மிளகாய் சுத்திப் போட்டேன். பூசாரியக் கூப்பிட்டு மந்திரிச்சும் பாத்தாச்சு."

ஒரு கிண்ணத்தில் பீய்ச்சிக் காட்டினார். மோர்த் தண்ணி மாதிரி, நடுவில் திரித்திரியாய்க் கட்டி. அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போய் உட்கார்ந்தார். கறவையை ஆரம்பித்தார்.

இந்தக் கடைசி இரண்டு வரிக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

அந்த அக்காவை நான் கேலி செய்யவில்லை. என் தாயாரும் இதையேதான் சொன்னார். 1975, 76 வாக்கில் எங்கள் வீட்டில் மூன்று மாடு. ஒன்றுக்கு மடி வீங்கினால் சாரை குடித்தது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள் என்பார்கள். அந்த எட்டிப் பார்த்த பாவத்துக்காக இரண்டு வீட்டுக்கும் ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனதும் உண்டு. சாரைப் பாம்புக்கு உதடு கிடையாது, கன்னச் சதை கிடையாது. உறிஞ்சிக் குடிக்க அதனால் முடியாது. உள்நோக்கி வளைந்த ஊசிப் பல்லோடு அது காம்பைக் கவ்வினால் எந்த மாடு சும்மா நிற்கும்? கொட்டாய்க்குப் பாம்பு வருவது வாஸ்தவம். தவிட்டு மூட்டைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. அவ்வளவுதான் அதற்கும் மாட்டுக்கும் உள்ள சம்பந்தம்.

நிற்க. மரம் வெட்டிய தோழர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்த விரும்புகிறேன். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் பூஞ்சணம் பிடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பட்டை அழுகிக் கருத்துப் போகும். அப்போது தோட்டத்தில் என்ன செய்தார்கள்? வெட்டும் உளியை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகச் சொன்னார்கள். வெட்டி முடிந்த பட்டையில் மருந்து பூசச் சொன்னார்கள். பூசாமல் வந்தால் மண்டோர் சும்மா விடுவாரா? பெரட்டுக்களத்தில் மறுநாள் நாலு பேருக்கு முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மரத்து நோயை உளி அடுத்த மரத்துக்குச் சுமந்துகொண்டு போகும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அத்துபடி.

மங்கு விஷயமும் அப்படித்தான். அழுக்கு மங்கில் விழுந்த பால் ஸ்டோருக்குப் போகுமுன்பே கட்டிப் போகும். அதனால்தான் மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தோம்.

என் தகப்பனார் அப்படி உளி நனைத்தவர். அதே மனிதர்தான், பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலை நாலு மணிக்கு, மூன்று மாட்டையும் ஒரே கையால், ஒரே கந்தல் துணியால் துடைத்து, அவசர அவசரமாகக் கறந்துவிட்டு ஓடினார். கம்பெனி மரத்துக்கு உளியில் மருந்து. சொந்த மாட்டுக்குக் கையில் ஒரு சொட்டு சோப்பு கூடக் கிடையாது. மரத்துக்கு நோய் வந்தால் கிருமி. மாட்டுக்கு வந்தால் கண்ணேறு. இது என்ன நியாயம்? மரத்துக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, மரம் கம்பெனியின் சொத்து. மாடு நம் சொத்து. அதனால் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

மடிநோய் என்பது கிருமியால் வரும் புண்தான், வேறொன்றுமில்லை. மாட்டின் மடி வெளியே பார்க்க ஒன்று. உள்ளே நாலு தனித்தனி அறை. ஓர் அறைப் பால் இன்னோர் அறைக்குப் போகாது. காரிக்குப் பின்பக்கம் இடதுகாம்பு மட்டும் கெட்டு மற்ற மூன்றும் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கிருமி உள்ளே போக ஒரே வாசல் காம்பின் நுனித் துளை. அந்தத் துளையைச் சுற்றி ஒரு சின்னத் தசை உண்டு. சாதாரண நேரத்தில் இறுக்கி மூடிக்கொண்டிருக்கும். கறந்து முடித்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை அது தளர்ந்து போய் வாசல் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சேற்றிலோ சாணியிலோ படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்து வரவேற்பு கொடுத்த மாதிரி. ஆகையால் கறந்த உடனே புல்லை முன்னால் போடுங்கள். தின்றுகொண்டு நிற்கும் மாடு படுக்காது. இதற்குக் காசு செலவில்லை. புல் எப்படியும் போடத்தான் போகிறோம், கறப்பதற்கு முன் போடுவதைப் பிறகு போடலாம், அவ்வளவுதான். முன்னால் கொஞ்சம் தவிடோ புண்ணாக்கோ போதும்.

கிருமிகளில் இரண்டு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாதி சேறு, சாணி, ஈரப் படுக்கை இவற்றில் இருப்பது. அது திடீரென்று தாக்கும். காலையில் நன்றாக இருந்த மாடு மாலையில் காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நிற்கும், பால் தண்ணியாய் வரும், சில சமயம் ஓரிரண்டு நாளில் மாடே போய்விடும். இன்னொரு சாதி மாட்டிலேயே குடியிருப்பது. நோயுள்ள மடி, வெடித்த காம்பு, கறப்பவர் கையிலுள்ள புண் இவைதான் அதன் வீடு. அது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு நடந்து போகாது, பறந்தும் போகாது. நம் கையும் துணியும்தான் அதற்கு வாகனம். உளி பட்ட வெட்டுக்காயத்தோடு மாட்டுக் காம்பைப் பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இந்த இரண்டாம் சாதி பொல்லாதது. ஏனென்றால் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும். மடி வீங்காது. பால் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். மாடும் நன்றாகத் தின்னும். ஆனால் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். "வயசாயிருச்சு", "புல்லு சரியில்லே", "புண்ணாக்குல கலப்படம்" என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். வீங்கிய மடி ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்றால், தெரியாத மடி அதே கொட்டாயில் இன்னும் இருக்கலாம். நமக்கு உண்மையான நஷ்டம் அங்கேதான்.

தெரியாததைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 1957-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். நாலு குழியுள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு காம்பின் பால். அதே அளவு ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றித் தட்டை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணியாகவே ஓடும். நோயுள்ள அறையின் பால் கஞ்சி மாதிரி குழகுழவென்று கெட்டிப்படும். நோயை எதிர்க்க ரத்தத்திலிருந்து மடிக்குள் வந்து குவிந்த வெள்ளணுக்கள் உடைந்து இழை இழையாக ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. கால்நடை இலாகாவில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

இலாகா தூரமா? கவலை வேண்டாம். பாகிஸ்தானில் பைசலாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தார் சிறு குடியானவர்களுக்காகத் துணி துவைக்கும் பவுடரை வைத்தே இதைச் செய்துகாட்டினார்கள். அரை லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து கிராம் பவுடர். ஒரு காம்புக்கு ஒரு கிண்ணம் என்று நாலு கிண்ணம் எடுங்கள். பாலும் பவுடர் தண்ணீரும் சம அளவு. சுழற்றிப் பாருங்கள். கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் சந்தேகம். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும், கன்றுக்கோ பூனைக்கோ வைக்கக்கூடாது. கன்று ஈன்ற முதல் சில நாள், சீம்பால் வரும் சமயம் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். பால் வற்றப்போகும் கடைசி நாள்களிலும் நம்பாதீர்கள். அப்போது நல்ல மடியே கெட்டிப்பட்டுக் காட்டும்.

அன்றைக்கு அந்த அக்காவின் கொட்டாயிலேயே செய்து பார்த்தோம். காரியின் கெட்ட காம்பு பசையாய்க் கட்டிக்கொண்டது, அது தெரிந்த விஷயம். செவலை என்று ஒரு மாடு, நாலிலும் அதுதான் நல்ல கறவை என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அதிலே இரண்டு காம்பு கெட்டிப்பட்டது. அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போன மாசத்திலேர்ந்து அரைப் போத்தல் கொறைஞ்சுதான் தம்பி குடுக்குது. நான் வெயிலுன்னு நெனச்சேன்" என்றார்.

சரி, கைக்கு வருவோம். கறப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு மாட்டை முடித்து அடுத்த மாட்டுக்குப் போகுமுன் மறுபடி கழுவுங்கள். மாட்டுக்கு ஒரு துணி. நாலு மாடு என்றால் நாலு துணி, தினமும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்தது. பழைய சட்டையைக் கிழித்தால் பத்துத் துணி ஆகும். மடியைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் கறக்க வேண்டும். ஈர மடியில் கறந்தால் அழுக்குத் தண்ணீர் காம்பு வழியாக நுனிக்குத்தான் வடிகிறது. நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, வழுக்கலுக்காகப் பாலையே தொட்டுத் தொட்டுக் கறப்பது. சில பேர் எச்சிலைத் தொடுவார்கள். இரண்டும் வேண்டாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி இழுத்துக் கறப்பதும் வேண்டாம். அதில் காம்பின் உள்சதை நசுங்கும். முழுக் கையால் பிடித்து அமுக்கிக் கறப்பதே முறை.

முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி கட்டிய டம்ளரில் விட்டுப் பாருங்கள். கறுப்பில் வெள்ளைக் கட்டி பளிச்சென்று தெரியும். தரையில் பீய்ச்சக் கூடாது. அங்கேதான் மாடு படுக்கப் போகிறது.

பிறகு வரிசை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காசில்லாத வைத்தியங்களில் இதுதான் தலை. முதல் ஈத்து மாட்டை முதலில் கறங்கள். அடுத்து நல்ல மாடுகள். சந்தேகமானது அதற்கப்புறம். வீங்கியது எல்லாவற்றுக்கும் கடைசி. நம் வீடுகளில் நேர் எதிராக நடக்கிறது. "பாவம், அதுக்குத்தான் வலி, அத மொதல்ல முடிச்சிடுவோம்" என்று நோயாளி மாட்டிடம்தான் முதலில் போய் உட்காருகிறோம். பரிதாபம் நல்லதுதான். ஆனால் அந்தப் பரிதாபத்தைக் கையில் தடவி மற்ற மூன்றுக்கும் கொண்டுபோகிறோமே!

கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் அயோடின் மருந்தில் முக்கி எடுங்கள். காம்புக்கென்றே தயாரித்தது கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு சிறு கோப்பை போதும். வெட்டிய பட்டையில் மருந்து பூசினோமே, அதே வேலைதான். 1960-களில் இங்கிலாந்தில் ரெடிங் அருகே இருந்த பால்பண்ணை ஆராய்ச்சிக் கழகத்தார் வருஷக்கணக்கில் பண்ணைகளில் சோதித்துக் கண்ட முடிவு இது. கறந்தபின் காம்பை மருந்தில் முக்குவது, பால் வற்றும் சமயத்தில் காம்புக்குள் மருந்து ஏற்றுவது, இந்த இரண்டும் சேர்ந்தால் தொற்றும் மடிநோய் வெகுவாகக் குறையும். அறுபது வருஷமாக உலகத்துக்குத் தெரிந்த விஷயம். லயத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பால் வற்றும் சமயம் என்றேன். கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்த வேண்டும். மடிக்கும் ஓய்வு வேண்டாமா? "இன்னும் ரெண்டு போத்தல் வருதே" என்று ஈனும் வரை கறப்பவர்கள் அடுத்த ஈத்தில் அதைவிட அதிகமாக இழக்கிறார்கள்.

வீட்டு வைத்தியம் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே ஒரு பூச்சைப் பரிந்துரைக்கிறார்கள்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடி முழுக்க நாளுக்குப் பல தடவை பூசுவது. ஒவ்வொரு தடவையும் கறந்து வெளியேற்றிவிட்டுத்தான் பூச வேண்டும். ஆரம்ப வீக்கத்துக்குச் செய்து பாருங்கள். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல், தீனி இல்லை, மடி நீலம் பாய்ந்து குளிர்ந்து போயிற்று என்றால் கற்றாழை தேடி ஓடாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இனிச் சொல்லப் போவது என் வீட்டுக் குற்றம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும். எங்கள் மாடு ஒன்றுக்கு மடிநோய் வந்து, டாக்டர் வந்து காம்பில் மருந்துக் குழாய் ஏற்றினார். இன்னும் நாலு குழாயைக் கையில் கொடுத்து, இத்தனை நாள் ஏற்ற வேண்டும், மருந்து முடிந்த பிறகும் மூன்று நாள் பாலை விற்கக் கூடாது, கீழே ஊற்றிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அப்பாவிடம்தான் சொன்னார். மலாயில் சொன்னார். அப்பா அம்மாவிடம், "ஊசி மருந்து குடுத்திருக்காரு, ரெண்டு நாளைக்கு ஏத்து" என்று சுருக்கிச் சொன்னார். இரண்டாம் நாள் வீக்கம் வடிந்தது. மீதிக் குழாய்கள் சாமி படத்துக்குப் பின்னால் போயின. பால் மறுபடி வாடிக்கை வீடுகளுக்குப் போயிற்று. சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றியவன் நான்தான்.

அந்த வாரம் கிராணி வீட்டில் ஏதோ விசேஷம். பெரிய அண்டாவில் தயிருக்கு உறை ஊற்றியிருக்கிறார்கள். மறுநாள் காலை பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. உறையவே இல்லை. "தண்ணி கலந்த பால், இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று அந்த அம்மா என்னை வாசலிலேயே திட்டி அனுப்பினார். அம்மா தண்ணீர் கலக்காதவர். அந்தப் பேச்சை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தயிர் ஏன் உறையவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பாலில் தங்கிய மருந்து, தயிரை உறையவைக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. அதே பாலை எத்தனை வீட்டுப் பிள்ளைகள் குடித்திருப்பார்கள்! பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை அதிலே இருந்திருந்தால்? காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. மடிக் கிருமிகளில் ஒன்று விடும் விஷம் கூடக் காய்ச்சினாலும் போகாது.

சாமி படத்துக்குப் பின்னால் போன அந்த மீதிக் குழாய்களும் எங்களைச் சும்மா விடவில்லை. பாதியில் நிறுத்திய மருந்து கிருமியைக் கொல்லவில்லை, பதுங்க வைத்தது. அடுத்த ஈத்தில் அந்த அறை கல்லாகிப் பால் நின்றே போயிற்று.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, ஒரு காம்புக்குத்தான் மருந்து ஏற்றினோம், மற்ற மூன்று காம்புப் பாலை விற்கலாம் என்று நினைக்காதீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்து நாலு அறைக்கும் போகும். நாலு காம்புப் பாலையும்தான் ஊற்ற வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். குழாயின் பெட்டியில் அச்சடித்திருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கொட்டாய்த் தூணில் சாக்குக்கட்டியால் தேதியை எழுதி வையுங்கள்.

"ஒரு வாரப் பாலைக் கீழே ஊத்துனா நாங்க எதைச் சாப்பிடுறது?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அந்த அக்காவும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு உபதேசம் பதிலாகாது.

இப்போது நடப்பது என்ன? மருந்து போட்டேன் என்று உண்மை சொல்கிறவருக்கு ஒரு வார வருமானம் போகிறது. சொல்லாமல் ஊற்றுகிறவருக்கு ஒன்றும் போவதில்லை, அகப்படாத வரைக்கும். அகப்பட்டால் அவருடைய பாலோடு சேர்ந்து மற்ற ஏழைகளின் பாலும் கெட்டது என்று ஒதுக்கப்படுகிறது. பால் வாங்கும் நிலையங்களும் கூட்டுறவுக்காரர்களும் ஒரு சிறு நிதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. லிட்டருக்கு ஒரு காசு, இரண்டு காசு பிடித்தால் போதும். தானே முன்வந்து சொல்லிப் பாலை நிறுத்துகிறவருக்கு அந்த நாள்களில் பாதிப் பணமாவது கொடுக்கட்டும். உண்மைக்கு நஷ்டம், மறைத்தலுக்கு லாபம் என்று கணக்கை வைத்துவிட்டு ஏழையிடம் போய் யோக்கியம் பேசுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று. குணமாகாத மாடு. சில கிருமிகள் மடிக்குள் முடிச்சு முடிச்சாய்க் கோட்டை கட்டிக்கொண்டால் எந்த மருந்துக்கும் அசையாது. அந்த மாட்டை என்ன செய்வது? வெள்ளைக்காரன் புத்தகத்தில் கழித்துவிடு என்று இருக்கிறது. லட்சுமி என்று கும்பிட்ட மாட்டைக் கறிக்காரரிடம் அனுப்ப நம் வீட்டுப் பெண்களுக்கு மனம் வராது. அதை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. வைத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கட்டுங்கள், கடைசியில் கறங்கள், அந்தப் பாலை விற்காதீர்கள். ஆனால் "நல்ல மாடு, கை மாறினா பால் கூடும்" என்று சொல்லிப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் தலையில் கட்டுகிறோமே, அதை மட்டும் செய்யாதீர்கள். அவனும் நம்மைப் போல நாலு மாட்டுக்காரன்தான். ஒரு மாட்டை விற்கவில்லை நாம், அவன் கொட்டாய்க்கு நோயை விற்கிறோம்.

நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்கு வரும்போது கூடவே மாடும் வந்தது. அதன் வம்சத்துக்கு இலாகாவின் ஏட்டிலேயே உள்நாட்டு இந்தியக் கறவை மாடு என்றுதான் பெயர். பிறகு 1970-களில் பால் சேகரிப்பு நிலையங்கள் வந்தன. சாஹிவால், பிரீசியன் கலந்த மாடுகள் வந்தன. குளுவாங்கிலுள்ள கால்நடைக் கழகத்தில் மாப்ரிவால் என்ற கலப்பினத்தையும் வளர்த்தார்கள். பால் கூடியது, மடி பெரிதாயிற்று. பெரிய மடிக்குக் கவனிப்பும் பெரிதாக வேண்டும். மாட்டை மாற்றினோம், கையை மாற்றவில்லை.

கையை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிடவும் எனக்கு விருப்பமில்லை. அந்த அக்காவின் கொட்டாய் எங்கே இருக்கிறது பாருங்கள். தோட்டத்திலேயே தாழ்ந்த பள்ளத்தில், கால்வாய் ஓரத்தில். நல்ல இடத்தில் செம்பனை நிற்கிறது. மழை பெய்தால் மாடு முழங்கால் சேற்றில் நிற்கும். தண்ணீர்க் குழாய் லயத்தோடு நின்றுவிட்டது. அவர் அதிலிருந்து இரண்டு வாளி சுமந்து வர வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரில் மாடு குடிக்குமா, மடி கழுவுமா, கை கழுவுமா? சேற்றில் படுக்கும் மாட்டுக்கு அயோடின் மட்டும் போதாது. காய்ந்த மேடு வேண்டும். பத்தடிக்குப் பத்தடி சரிவான சிமெண்டுத் தரை வேண்டும். ஒரு குழாய் வேண்டும். தோட்ட நிர்வாகங்களுக்கு இது பெரிய செலவல்ல. மாட்டை விரட்டக் கடிதம் எழுதும் நேரத்தில் குழாயை நீட்டிவிடலாம்.

இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரிகள் வருவது பகல் பத்து மணிக்கு. வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் பேசிவிட்டு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விடியற்காலையில் காம்பைப் பிடிக்கும் கை பெரும்பாலான கொட்டாய்களில் பெண்ணின் கை. அவளுக்குத் தெரிந்த பாஷையில், அவள் கறக்கும் நேரத்தில், ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் நூறு பிரசுரத்துக்குச் சமம். என் தாயாருக்கு அந்த மூன்று நாள் சமாசாரத்தை யாராவது நேராகச் சொல்லியிருந்தால், அவர் ஒரு சொட்டு விற்றிருக்க மாட்டார்.

அக்காவின் செவலைக்கும் காரிக்கும் என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் பால் கேட்டிருக்கிறார். உங்களிடமும் கேட்டால் இப்படி எடுங்கள். சிறு கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கை கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட்டு நனைத்த பஞ்சால் துடையுங்கள். முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை வேறு கிண்ணத்தில் விட்டுவிட்டுப் போத்தலைச் சாய்த்துப் பிடித்து ஒன்றிரண்டு பீய்ச்சல் மட்டும் எடுத்து உடனே மூடுங்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், ஏற்றிய பிறகு எடுத்தால் பிரயோஜனமில்லை. ஐஸ் கட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மாட்டின் பெயர், எந்தக் காம்பு, என்றைக்கு எடுத்தது என்று சீட்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள்.